ஹிங்ஸியில் மாணாக்கர் இட்ட சாலை

மண் சுமப்பது மாணாக்கர்க்குரிய தொழிலன்று என்று கருதுவோர் எக்காலத்தும் உளர். ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையிலும் 1874-ஆம் ஆண்டில் அவ்வாறு கருதி நகைத்தவர் பலர். ஆயினும் அவ்வாண்டில் பேலியல் முதலிய கல்லூரிகளைச் சேர்ந்த இளைஞர் சிலர் மண்வெட்டியும் கடப்பாறையும் தாங்கி, நகரின் மேற்கேயுள்ள ஹிங்ஸி என்னும் சிற்றூருக்குச் சென்று சாலை போட்டனர். அவர்களை அனுப்பியவர் அங்கே நுண்கலைப் பேராசிரியராயிருந்த ஜான் ரஸ்கின்.

ஓவியத்தின் இயல்பு கூற வந்தவர்க்கு மண்வேலையில் நாட்டம் என்னை? படகு வலிப்பதிலும் பந்தாடுவதிலும் இளைஞர் தம் தோள்வலி அனைத்தையும் பயனின்றிச் செலவிடுதலை ரஸ்கின் கண்டார். ஆற்றுக்கு அப்பாலோ, நல்ல வழியில்லாமையால், ஏழை மக்களின் குடிசைகளுக்கு முன்னிருந்த பசும்புல் தரையை வண்டிச் சக்கரங்கள் உழுது சேறாக்கின. அவ்வலிமையை இக்குறைக்குப் பயன்படுத்தலாமே என்று எண்ணி, நிலத்துக்குரியாரிடம் இசைவு பெற்றார். கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியிலிருந்த தம் அறையில் மாணாக்கர்க்குக் காலையுணவளித்து ஊக்கினார். வேலை தொடங்கிய காலத்தில் அவர் இத்தாலிக்குச் சென்றுவிட்டமையால், தம் தோட்டக்காரர் டௌன்ஸ் என்பவரை வரவழைத்து மேற்பார்வையை ஒப்படைத்தார்.

பத்திரிகைகள் ஏளனம் செய்தன. வேடிக்கை பார்ப்பவர் கரையில் வந்து கூடினர். சாலையோ முற்றுப்பெறவில்லை. அது மிக மோசமான சாலையே என்று ரஸ்கினே ஒப்புக்கொண்டதாகக் கூறுவர். 1882-ல் அமெரிக்காவில் சொற்பொழிவாற்றிய ஆஸ்கர் வைல்டு, தாமும் அங்கே உழைத்ததாகச் சொல்லி, ஆசிரியர் வெனிஸ் நகர்க்குப் போனதும் சாலை சதுப்பின் நடுவே நின்றுபோயிற்று என்று கூறி அவையோரைச் சிரிக்க வைத்தார்.

நிற்க. இவ்வரலாற்றைப் போற்றுவோர், சாலை கெட்டாலென்ன, மனிதர் உருவாயினர் என்பர். அவர்கள் காட்டும் சான்றுகளும் சிறியனவல்ல. மாணாக்கர் குழுவுக்குத் தலைமை தாங்கிய ஆர்னால்டு டாயின்பி ஏழைகளின் பொருட்டு உழைத்து, 1883-ல் முப்பதாம் வயதிலேயே உயிர் நீத்தார். மறு ஆண்டு கிழக்கு லண்டனில் நிறுவப்பெற்ற சேவையில்லம் அவர் பெயரைத் தாங்கியது. அக்குழுவில் உழைத்த ரான்ஸ்லி, இங்கிலாந்தின் இயற்கை வனப்பையும் பழஞ்சின்னங்களையும் காக்க 1895-ல் எழுந்த நேஷனல் டிரஸ்டை நிறுவிய மூவருள் ஒருவர்.

இவையெல்லாம் மெய்யே. எனினும் அம்முடிபுக்கு யாம் உடன்படோம். ஹிங்ஸி மக்கள் பெரியோரை உருவாக்கித் தருமாறு கேட்கவில்லை. அவர்கட்கு வேண்டியது வழி. மாணாக்கர் பெற்ற பயனைக் காட்டி ஊரார் பெறாத பயனை மறைப்பது கணக்கில் வரவை மட்டும் எழுதுவது போலாம்.

இதை எழுதும் உரிமை எமக்கு உண்டு. சென்ற ஆண்டு விடுமுறையில் யாமும் பதினெண்மர், கலாசாலைக்கு அணித்தேயுள்ள ஒரு சிற்றூரில் குளக்கரை வரை பாதை இட்டோம். பாட்டுப் பாடினோம், புகைப்படம் எடுத்துக்கொண்டோம், கைக்கொப்புளங்களை ஒருவர்க்கொருவர் பெருமையோடு காட்டினோம். நீர் வடிவதற்கு இருமருங்கும் வாய்க்கால் வேண்டுமென்பது எமக்குத் தோன்றவில்லை. ஐப்பசி மழையில் பாதை கரைந்து, கற்கள் மட்டும் எஞ்சின. பின்னர்ச் சென்றபோது குடத்தோடு வந்த மூதாட்டி ஒருத்தி, "முன்னே ஒத்தையடிப் பாதையாவது இருந்துச்சு, தம்பி" என்றாள். சினந்து சொன்னாளில்லை. அதுவே எம்மைச் சுட்டது.

ரஸ்கினிடம் குறை காண்பது எம் கருத்தன்று. அவருடைய நூலொன்றை 1904-ல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குச் சென்ற இரயிலில் படித்த காந்தியடிகள், அவ்வாண்டே பீனிக்ஸ் குடியேற்றத்தைத் தொடங்கினார். அங்கே உடலுழைப்பு விடுமுறைப் பொழுதுபோக்கன்று, அன்றாட வாழ்வு. ஹிங்ஸியிலோ, படிப்புக்கும் படகுக்கும் எஞ்சிய பொழுதே சாலைக்குக் கிட்டியது. டாயின்பியையும் வைல்டையும் நினைப்போர் பலராயினும், மண்வேலை அறிந்த டௌன்ஸை நினைப்போர் சிலரே. அவரிடம் இளைஞர் இன்னும் சில திங்கள் பொறுமையாகப் பயின்றிருப்பின் சாலையும் நின்றிருக்கலாம் என்று எண்ணுகிறோம்.

வருகிற தை மாதம் அச்சிற்றூருக்கு மறுபடியும் செல்லவிருக்கிறோம். சாலை வேலையில் முதிர்ந்த மேஸ்திரி ஒருவர் உடன்வர இசைந்துள்ளார். முதல் மூன்று நாளும் வாய்க்காலே வெட்ட வேண்டும், ஜல்லியை எவரும் தொடலாகாது என்பது அவருடைய கட்டளை. நண்பர் சிலர் இப்பொழுதே முணுமுணுக்கின்றனர்.