கோயிலுக்குள் ஒரு சுவர்!

ஊர்க்கோயில் ஒன்றை இடித்தார்கள் என்று சேதி வந்தால், உள்ளம் கொதிக்கிறது. யார் இடித்தார், எதற்காக இடித்தார் என்று கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் தோழர்களே, மாதா கோயிலுக்கு உள்ளேயே எழுந்து நின்ற ஒரு சுவரை இடிக்க முப்பத்தெட்டு ஆண்டு பிடித்த கதையை அறிவீர்களா?

நெல்லைச் சீமையிலே வடக்கன்குளம். 1745-இல் தேவசகாயம் பிள்ளை ஞானஸ்நானம் பெற்ற ஊர். 2022-இல் ரோமாபுரி அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கியபோது, பெயரின் வாலாக இருந்த 'பிள்ளை'யைச் சேர்க்கவில்லை. நல்லது! ஆனால் அதே ஊரிலே 1872-இல் எழுந்த கோயிலைப் பாருங்கள். பீடம் ஒன்று, மண்டபமோ இரண்டு! கால்சட்டையை விரித்துப் போட்டாற்போல இரு கிளை, நடுவிலே நெடுஞ்சுவர். ஒருபுறம் வெள்ளாளர், மறுபுறம் நாடார். ஓதியது ஒரே மந்திரம், வணங்கியது ஒரே சிலுவை, ஆனால் ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்கலாகாது! கொத்தனாருக்குக் கூலி கொடுத்துச் சாதிக்கு வீடு கட்டினார்கள், ஆண்டவன் பெயரால்.

1910-இல் பங்குக் குரு கௌசானல் அடிகளார் அந்தச் சுவரைத் தகர்த்தார். வாழ்த்தினார்களா? வழக்குப் போட்டார்கள்! சுவர் எங்கள் உரிமை என்று உயர்நீதிமன்றம் வரை சென்றார்கள். தோற்றார்கள்.

அந்தச் சுவர் விழுந்தது. அது கற்றுக்கொடுத்த பாடம் விழவில்லை. எறையூரில் ஆதித்திராவிடக் கிறித்தவர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச் 9-இல் கலவரம், துப்பாக்கிச் சூடு, இரண்டு உயிர் பலி. தருமபுரி மாவட்டத்தாராகிய நாம் ஊரைப் பழிக்க வரவில்லை. 2012 நவம்பர் 7-இல் நத்தமும் அண்ணா நகரும் கொண்டம்பட்டியும் எரிந்த சாம்பல் நம் காலடியில்தான் கிடந்தது. சிலுவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாதி தன் வேலையைச் செய்கிறது.

இதைத் தெருவில் நடக்கும் எவரும் அறிவர். டில்லிச் சட்டம் மட்டும் அறியவில்லை! 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியார் இந்துவாக இருந்தால்தான் சலுகை என்றது. 1956-இல் சீக்கியருக்குக் கதவு திறந்தது, 1990-இல் பவுத்தருக்குத் திறந்தது. கிறித்தவரான ஆதித்திராவிடருக்கோ தாழ்ப்பாள். சேரியிலே அவன் குடிசை இடம் மாறிற்றா? கிணற்றடியிலே அவன் குடத்துக்கு மரியாதை கூடிற்றா?

திருத்துங்கள் அந்த ஆணையை என்று 2023 ஏப்ரல் 19-இல் நம் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றிற்று. பாரதீய ஜனதா உறுப்பினர்கள் எழுந்து வெளியே போனார்கள்.