குணம் அல்ல, சாதி போடும் கணக்கு

ஆல்ஃபா, பீட்டா, சிக்மா என்று பையன்களை வகை பிரிக்கும் ரீல்ஸ் இப்போது பத்தாம் வகுப்புப் பையனின் கைப்பேசி வரை வந்துவிட்டது. துணிச்சல்காரன் ஜெயிப்பான், கூச்சக்காரன் பின்தங்குவான். குணம்தான் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது என்பதே அவற்றின் சாரம். சாதி ஆளும் ஊரில் இந்தக் கணக்கு செல்லாது.

தர்மபுரியைப் பாருங்கள். 2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனி, கொண்டம்பட்டி, அண்ணா நகர் ஆகிய தலித் குடியிருப்புகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. நத்தம் காலனி இளைஞர் இளவரசன் வன்னியர் பெண்ணைக் காதலித்து மணந்ததுதான் இதற்குச் சொல்லப்பட்ட காரணம். அதன் பிறகு, தலித் இளைஞர்கள் ஜீன்ஸ், டி-சர்ட், கூலிங் கிளாஸ் போட்டுப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பாமக நிறுவனர் ராமதாஸ் பேசினார். 'நாடகக் காதல்' என்ற சொல் மாநிலமெங்கும் பரவியது. 2013 ஜூலை 4 அன்று தர்மபுரி அரசு கலைக் கல்லூரிக்குப் பின்புறம், தண்டவாளத்தின் அருகே இளவரசன் சடலமாகக் கிடந்தார்.

அவர் கூச்சக்காரரா, துணிச்சல்காரரா என்று யாரும் கேட்கவில்லை. காலனிப் பையன்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே குணம் எழுதப்பட்டது. ஊர்த்தெருப் பையன் கூலிங் கிளாஸ் போட்டால் ஸ்டைல். காலனிப் பையன் போட்டால் திமிர். எதிர்த்துக் கேள்வி கேட்டால் அவன் தைரியசாலி, இவன் ரவுடி. குணம் ஒன்றுதான், பெயரும் விலையும் சாதிக்குச் சாதி மாறுகின்றன.

ஆதிக்கச் சாதிப் பையனையும் இது விடுவதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், தங்கள் பள்ளியிலேயே படித்த தலித் மாணவரை வீடு புகுந்து வெட்டியவர்களும் பள்ளிப் பிள்ளைகள்தான். அவர்கள் கையில் அரிவாளைக் கொடுத்தது பிறவிக் குணமா? கையில் கட்டும் கலர் கயிற்றிலிருந்து தொடங்குகிற சாதிப் பயிற்சி அது. அதனால்தான், அந்தச் சம்பவத்துக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், மாணவர்கள் சாதிக் கயிறு கட்டத் தடை விதிக்கச் சொன்னது. ஒரு பகுதியில் பெரும்பான்மையாக உள்ள சாதியினரை அங்கே தலைமையாசிரியராக நியமிக்கக் கூடாது என்றும் பரிந்துரைத்தது. பையன்களின் குணத்தைத் திருத்துவதற்கு முன் பள்ளியைத் திருத்த வேண்டும் என்பதே இதன் பொருள்.

மாற்றுச் சான்றிதழில் மாணவரின் நடத்தையைக் குறிக்க ஓர் இடம் உண்டு. பள்ளியின் நடத்தையைக் குறிக்க எந்தத் தாளிலும் இடமில்லை. "அவன் அப்படித்தான்" என்று ஓர் ஆசிரியரோ, உங்கள் நண்பரோ சொல்லும்போது, "அடுத்த தெருப் பையன் இதையே செய்தால் என்ன சொல்வீர்கள்?" என்று கேளுங்கள் தோழர்களே. அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகாமல் நாம் பேசும் சாதி ஒழிப்பு வெறும் பேச்சுதான்.