அம்மன் படம் போட்டா எல்லாம் அம்மன் காரியமா?

கொஞ்சம் நீளமான பதிவு. கடைசி வரைக்கும் படிச்சிட்டு, திட்டணும்னு தோணினா அப்புறம் திட்டுங்க.

நவம்பர் 2025 கடைசியில டித்வா புயல் இலங்கையை அடிச்சுப் போட்டது எல்லாருக்கும் தெரியும். 600 பேருக்கு மேல உயிர் போச்சு. கண்டி, பதுளை, நுவரெலியா பக்கமெல்லாம் மண்சரிவு. தோட்டத்து லயன் வீடுகள்ல இருக்கிற நம்ம சனங்களை நினைச்சா சோறு இறங்கல.

அந்த நேரம் பார்த்து ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் சுத்த ஆரம்பிச்சுது. மேல மாரியம்மன் படம், நடுவுல நம்ம சவுத் பிரிட்ஜ் ரோடு கோபுரம், கீழ ஒரு கைப்பேசி நம்பர். "பக்தர்கள் சார்பில் புயல் நிவாரணம். இன்று இரவுக்குள் பேநவ் செய்யவும். பத்து பேருக்கு அனுப்பவும்." அனுப்பினது யாருன்னு பேர் இல்ல. அந்த நம்பருக்குப் போன் போட்டோம், எடுக்கல. மெசேஜ் போட்டோம், ரெண்டு நீல டிக் விழுந்துச்சு, பதில் வரல.

உடனே தொண்டூழியர் குரூப்புல "யாரும் பணம் அனுப்பாதீங்க"ன்னு போட்டோம். அதுக்குத்தான் எங்களுக்கு அர்ச்சனை! "புண்ணியக் காரியத்துல கணக்குக் கேட்கிறீங்களே", "கொடுக்கிறவங்க கையைத் தட்டி விடுறீங்களே", "நம்ம ஆளுங்களையே நம்பலைன்னா எப்படி"ன்னு மூணு விதமா திட்டு. மூணுக்கும் இங்கயே பதில் சொல்றோம்.

அதுக்கு முன்னாடி ஒரு பழைய கதை. 16 நவம்பர் 2018, விடியுறதுக்கு முன்னாடி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்துச்சு. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை நாலு மாவட்டமும் சாஞ்சு போச்சு. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னந்தோப்பு எல்லாம் வேரோட கிடந்துச்சு. பல ஊருக்கு வாரக்கணக்கா கரண்ட் இல்ல. எங்க ஃபேக்டரியில வேலை பார்த்த தம்பிங்க பாதிப் பேர் அந்தப் பக்கத்துக்காரங்க. வீட்டுக்குப் போன் போகாம ஷிஃப்ட் நடுவுல நின்னு அழுதாங்க.

அப்பவும் இதே மாதிரி ஒரு மெசேஜ் வந்துச்சு. அதுலயும் சாமி படம் இருந்துச்சு. நாங்க என்ன பண்ணினோம் தெரியுமா? யோசிக்காம எல்லாருக்கும் தள்ளி விட்டோம். எங்க லைன்ல இருந்த ஒரு தம்பி எங்களை நம்பி 300 வெள்ளி போட்டான். ஓடி பார்த்துச் சேர்த்த காசு. ஒரு மாசம் கழிச்சு அந்த நம்பரே உபயோகத்துல இல்ல. அவன் ஒரு வார்த்தை எங்களைக் கேட்கல. "விடுங்கண்ணே, சாமி பேரைச் சொன்னாங்க, கொடுத்தேன்"னு மட்டும் சொன்னான். அந்த வார்த்தை இன்னிக்கு வரைக்கும் எங்களைக் குத்துது. பணத்தை எடுத்தவன் யாரோ. அவனுக்கு அந்த நம்பரைக் கொண்டு போய்க் கொடுத்தது நாங்கதான். அதனாலதான் இந்த முறை வாயை மூடிக்கிட்டு இருக்க முடியல.

இப்ப பதிலுக்கு வரோம்.

முதல் திட்டு, சாமி காரியத்துல கணக்குக் கேட்கக் கூடாதாம். ஊர்ல உண்டியல் எண்ணும்போது பாருங்க. அறநிலையத்துறை அதிகாரிங்க முன்னாடி, கேமரா வச்சு எண்ணுறாங்க. அதனால சாமிக்கு மரியாதை குறைஞ்சு போச்சா? இன்னொண்ணும் சொல்லணும், சொல்ல வருத்தமாத்தான் இருக்கு. நம்ம கோயில் நகைகளை அடகு வச்ச விஷயம் 2020ல எப்படி வெளிய வந்துச்சு? கணக்குத் தணிக்கையிலதான். கோர்ட்டு 2023ல 6 வருஷம் தண்டனை கொடுத்துச்சு. "இவர் மேல எப்படிச் சந்தேகப்படுறது"ன்னு அன்னிக்குத் தணிக்கையை விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? 1827ல ஆரம்பிச்ச கோயில். நகை திரும்பி வந்ததுன்னா அதுக்குக் காரணம் கணக்குக் கேட்டதுதான். கணக்குக் கேட்கிறது அவமரியாதை இல்லைங்க. அதுவும் ஒரு கைங்கரியம்.

ரெண்டாவது, "கொடுத்தவனுக்குப் புண்ணியம், எடுத்தவனுக்குப் பாவம்"னு ஒரு பெரியவர் சொன்னார். ஐயா, பெரியவங்க நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா பதுளையில கூரை இல்லாம நிக்கிற அக்காவுக்கு இதுல என்ன கிடைச்சுது? நம்ம புண்ணியக் கணக்கு மட்டும் ஏறணும், அந்த வீட்டு அடுப்பு எரியலைன்னாலும் பரவாயில்லைன்னா அது தர்மமா? அது நம்ம மனசைத் தேத்திக்கிற வேலை.

மூணாவது, "நம்ம ஆளு". ஏமாத்துறவன் நம்ம ஆளு மாதிரிதான் பேசுவான். ஓம் சக்தின்னுதான் ஆரம்பிப்பான். எங்க ஃபேக்டரியில மெஷினைப் பிரிச்சு ரிப்பேர் பார்க்கும்போது பவரை ஆஃப் பண்ணிப் பூட்டுப் போட்டு, பேர் எழுதின அட்டையைத் தொங்க விடணும். இருபது வருஷ அனுபவசாலிக்கும் அதே பூட்டு, நேத்து சேர்ந்த தம்பிக்கும் அதே பூட்டு. யாரையும் திருடன்னு சொல்றதுக்கு இல்ல அந்தப் பூட்டு. கை போகக் கூடாதுங்கிறதுக்கு.

அந்தப் பூட்டு இதுதான்:

1. வெளிநாட்டு நிவாரணம்னு சொல்லி சிங்கப்பூர்ல பொதுமக்கள்கிட்ட பணம் திரட்ட அறநிறுவன ஆணையரோட அனுமதி வேணும். "பர்மிட் இருக்கா"ன்னு கேளுங்க. உண்மையான ஆளு காட்டுவான். கோபப்பட்டா விட்டுடுங்க.

2. கோயில் பேர்ல தனி ஆளோட நம்பருக்குப் பணம் கேட்டா அனுப்பாதீங்க. கோயில் ஆபீஸ்ல நேர்ல வந்து கேளுங்க. கோயில் திரட்டினா கோயிலே அறிவிக்கும், ரசீது கொடுக்கும்.

3. பேநவ்ல அனுப்புற பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி திரையில வர்ற பேரைப் படிங்க. பேர் மாறினா நிறுத்துங்க.

4. "இன்னிக்கு ராத்திரிக்குள்ள"ன்னு அவசரப்படுத்தினா அதுவே எச்சரிக்கை. புயல் பட்டவங்களுக்கு ஆறு மாசம் கழிச்சும் காசு வேணும்.

5. ஊர்ல வீடு சேதம்னா, கூரை போட்டுத் தர்றேன்னு வர்ற புது ஆளுக்கு முழு அட்வான்ஸ் அனுப்பாதீங்க. வேலை நடக்க நடக்கக் கொடுங்க. அறுந்து கிடக்கிற கரண்ட் கம்பியை மின்வாரிய ஆளு வர்ற வரைக்கும் யாரும் தொடக் கூடாதுன்னு வீட்டுல சொல்லுங்க.

6. சந்தேகமா இருந்தா 1799க்குப் போன் போடுங்க. பணம் போயிடுச்சா? உடனே பேங்குக்கும் போலீசுக்கும் சொல்லுங்க. வெட்கப்பட்டு ரெண்டு நாள் கழிச்சுச் சொன்னா காசு பல கை மாறிடும்.

டார்மிட்டரியில இருக்கிற தம்பிங்களுக்கு ஒரு வார்த்தை. ஏமாந்தா வேலைக்குப் பிரச்சினை வருமோன்னு பயந்து மறைக்காதீங்க. ஏமாந்தவன் குற்றவாளி இல்ல. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்தா எங்ககிட்ட சொல்லுங்க, கூட வந்து ரிப்போர்ட் எழுத உதவி பண்றோம். ஆனா உங்க பேங்க் கணக்கை "நன்கொடை வாங்க கொஞ்ச நாளைக்கு"ன்னு யார் கேட்டாலும் கொடுக்காதீங்க. அது குற்றம். மாட்டுறது நீங்கதான்.

கொடுக்காதீங்கன்னு நாங்க சொல்லவே இல்ல. கொடுங்க, தாராளமா கொடுங்க. செஞ்சிலுவைச் சங்கம் மாதிரி பதிவு பெற்ற இடம் இருக்கு. ஊர்ல உங்களுக்கு நேரடியாத் தெரிஞ்ச குடும்பம் இருந்தா லைசென்ஸ் உள்ள கடையில பணம் கட்டி அவங்க பேருக்கே அனுப்புங்க. தீ மிதிக்கிறவங்க கூட விரதம் இருந்து, பேர் பதிஞ்சு, வரிசையில நின்னுதான் இறங்குறாங்க. பக்தி இருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டு யாரும் குழியில குதிக்கிறதில்ல.

இதைப் பகிரணும்னா பகிருங்க. ஆனா அந்த மெசேஜை இன்னொரு ஆளுக்கு அனுப்பாதீங்க. ஏற்கனவே அனுப்பியிருந்தா அதே ஆளுங்களுக்கு "தப்பா அனுப்பிட்டேன், பணம் போடாதீங்க"ன்னு இன்னிக்கே சொல்லிடுங்க. நாங்க 2018ல அதைச் சொல்லாம விட்டுட்டோம்.

அம்மன் துணை.