புகை கூறும் சாட்சி

தன் கையால் ஒரு மோட்டார் வண்டியைப் பூட்டி முடித்து, அதனைத் தானே ஓட்டிச் செல்வது ஒரு தனி இன்பம். இங்கிலாந்தில் இவ்வின்பத்தை நாடுவோர் நெடுங்காலமாகவே உளர். கோலின் சாப்மன் என்பார் நிறுவிய லோட்டஸ் கம்பெனி 1957-ஆம் ஆண்டில் 'லோட்டஸ் செவன்' என்னும் சிறு வண்டியை வெளியிட்டபொழுது, அதனை உறுப்பு உறுப்பாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளவும் இடமளித்தது. முழு வண்டிக்குரிய கொள்முதல் வரி உறுப்புத் தொகுதிக்கு இல்லாமையால் செல்வம் குறைந்தோரும் அதனை வாங்கினர். 1973-இல் அவ்வரி போய் வேறு வரி வந்த பின்னும் அவ்விருப்பம் தணியவில்லை. பழைய வண்டியொன்றின் எஞ்சினைக் கழற்றிப் புதிய உடலிற் பொருத்துவோர் இன்றும் பலர்.

இவ்வாறு ஆக்கிய வண்டி பாதையில் ஏறுமுன் அரசாங்கப் பரிசோதனைக்கு உட்படல் வேண்டும். 2009 முதல் அஃது ஐ.வி.ஏ. என்னும் பெயரால் நடைபெறுகிறது. பின்னர் எம்.ஓ.டி. என்னும் ஆண்டுப் பரிசோதனையும் உண்டு. பெட்ரோல் வண்டியின் புகையை அளத்தல் அதனுள் 1991-இல் சேர்க்கப்பட்டது. காலத்திற்கேற்ப வரம்பும் வேறுபடும். 1975 ஆகஸ்டுக்கு முற்பட்ட எஞ்சினாயின் புகையைக் கண்ணால் நோக்குதலே போதும். 1986 ஆகஸ்டுக்குப் பின்னையதாய், நச்சினை மாற்றும் கன்வர்ட்டர் இல்லாததாயின், கார்பன் மோனாக்ஸைடு நூற்றுக்கு 3.5 பங்கை மிஞ்சலாகாது. கன்வர்ட்டர் உடைய பிற்கால எஞ்சின் விரைந்து சுழலும்பொழுது 0.2 பங்கே பொது வரம்பு.

இப்பரிசோதனையில் வண்டி தவறுமாயின் செய்யத்தக்கது யாது? இரு வழிகள் உள. பரிசோதனை நாளுக்கென்று மட்டும் பெட்ரோல் வரவைக் குறைத்து, சீட்டுப் பெற்று, வீடு திரும்பியதும் பழையபடியே திருகி வைத்துக்கொள்ளுதல் ஒன்று. பிழை எங்கே பிறந்தது என்று ஆராய்ந்து அதனைக் களைதல் மற்றொன்று. முன்னையது அறிவுமன்று, அறமுமன்று என்பதே என் துணிபு.

அறிவன்று என்பதை முதலில் காண்போம். புகையை அளக்கும் கருவி கார்பன் மோனாக்ஸைடு, எரியாத ஹைட்ரோகார்பன், கரியமிலவாயு, பிராணவாயு ஆகிய நான்கின் அளவையும் காட்டுகிறது. இவை நான்கு சாட்சிகள். ஒரு சாட்சியின் சொல்லை மட்டும் கேட்டுத் தீர்ப்புரைத்தல் தகாது. கார்பன் மோனாக்ஸைடு மிகுந்து பிராணவாயு குறைந்திருப்பின், எஞ்சினுக்குட் பெட்ரோல் மிகையாகச் செல்கிறது. முன்னது குறைந்து ஹைட்ரோகார்பனும் பிராணவாயுவும் மிகுந்திருப்பின், ஏதோ ஒரு சிலிண்டரில் தீப்பற்றவில்லை. ஸ்பார்க் பிளக்கையோ, அதன் கம்பியையோ, பெட்ரோற் குறைவையோ ஐயுறல் வேண்டும். கார்பன் மோனாக்ஸைடும் பிராணவாயுவும் ஒருங்கே மிகுந்திருப்பின், புகைக்குழாயின் இணைப்பில் வெளிக்காற்று புகுகிறதோ என்று நோக்குதல் நன்று.

கையால் ஆக்கிய வண்டியிற் புகைக்குழாய் புதிதாக வளைக்கப்பட்டுப் பல இணைப்புகளை உடையதாதலின், இப்பிழை அங்கே எளிதில் நேரும். லாம்டா சென்ஸருக்கு முன்னே காற்றுப் புகுமாயின், எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று அஃது ஏமாறும். அதன் சொல்லை நம்பிய கணினி மேலும் மேலும் பெட்ரோலை ஊட்டும். அவ்வாறே, எஞ்சினின் வெப்பத்தை அறிவிக்கும் சென்ஸரின் கம்பி பிழைபட்டாலும், எஞ்சின் இன்னும் குளிர்ந்திருப்பதாக எண்ணிக் கணினி பெட்ரோலை மிகுவிக்கும். கன்வர்ட்டரோ ஏறத்தாழ 300 பாகை வெப்பம் அடையுமுன் செவ்வனே தொழிற்படாது. எஞ்சினுக்கு மிகத் தொலைவில் அதனைப் பொருத்தினார் அவ்வெப்பத்தை எய்துவிக்க வருந்துவர். தீப்பற்றாத சிலிண்டரினின்று வரும் பெட்ரோல் கன்வர்ட்டரினுள்ளே எரிந்து அதன் தேன்கூடு போன்ற உள்ளமைப்பை உருக்கிவிடும். அப்பிழையைத் தீராமற் புதிய கன்வர்ட்டரை வாங்கிப் பூட்டினால் அதுவும் பழையதன் வழியே செல்லும். ஆதலின் எஞ்சினை நன்கு சூடேற்றி, எண்ணெய், காற்று வடிகட்டி, பிளக், இணைப்புகள் ஆகியவற்றை முறையே நோக்கி, ஒரு வேளைக்கு ஒன்றையே மாற்றி, ஒவ்வொரு முறையும் அளந்தறிதல் வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றினவன், வண்டி தேறினும், எதனால் தேறியது என்றறியான்.

இனி, அறமன்று என்பது. "ஆண்டிற் சில நூறு மைல் ஓடும் விளையாட்டு வண்டியின் புகையால் உலகம் கெட்டுவிடுமோ?" என்பாருளர். கார்பன் மோனாக்ஸைடு நிறமும் மணமும் அற்றது. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பிராணவாயுவினும் 200 மடங்குக்கு மேற்பட்ட வலிமையுடன் பற்றுவது. அவ்வண்டி முதன்முதல் உயிர்த்தெழுவது வீட்டை அடுத்த கொட்டகையிலன்றோ? அதனை முதலில் உட்கொள்வார் ஆக்கியவனும் அவன் மனைவி மக்களுமே.

2015 செப்டம்பரில், வோல்க்ஸ்வாகன் கம்பெனியின் டீசல் வண்டிகளில் ஒரு சூழ்ச்சி இருந்தமை வெளிப்பட்டது. பரிசோதனை நடைபெறுதலைக் கணினி உணர்ந்து, அப்பொழுது மட்டும் நச்சுப்புகையைக் குறைத்து, பாதையில் அதனைத் தாராளமாக விடுத்தது. உலகெங்கும் ஏறக்குறைய 1 கோடியே 10 இலட்சம் வண்டிகளில் அக்கருவி இருந்ததென்று அக்கம்பெனியே ஒப்புக்கொண்டது. அதனைக் கேட்டு வெகுண்டவன், பரிசோதனை நாளில் மட்டும் தன் திருகாணியைத் திருப்புவானாயின், அவன் செய்வதும் அதுவே. அளவு வேறு, தன்மை ஒன்று. கிண்ணத்தின் வெளிப்புறத்தை மட்டும் துலக்கும் தொழில் இரண்டிற்கும் பொது.

பரிசோதனையும் குறையற்றதன்று. வண்டி நிற்கும்பொழுதே அளக்கிறது. பெட்ரோல் வண்டியின் நைட்ரஜன் ஆக்ஸைடுகளை எம்.ஓ.டி. அளப்பதேயில்லை. ஆயின் இக்குறை ஏய்த்தற்கு இடமாகாது. சீட்டுக்கு மேலும் ஒரு கடமை உண்டு என்பதையே அஃது உணர்த்துகிறது. கடையில் வண்டி வாங்கினவன், உள்ளிருந்த சூழ்ச்சியை யான் அறியேன் எனலாம். ஒவ்வோர் ஆணியையும் தானே முடுக்கினவனுக்கு அவ்விடை இல்லை. அவனது பெருமை எதுவோ அதுவே அவனது பொறுப்புமாம்.