பின்செல்லும் பொத்தானும் செயலியின் கடமையும்

பேராசிரியர் பி. சி. மகலனோபிஸ் 1931ஆம் ஆண்டில் கொல்கத்தாவில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம், 1950இல் தொடங்கப்பெற்ற தேசிய மாதிரி ஆய்வின் படிவங்களைப் பல ஆண்டுகள் வகுத்தும் தொகுத்தும் வந்தது. கிராமந்தோறும் நிரப்பப்பெற்ற அத்தாள்களுக்கு ஓர் இயல்பு உண்டு. ஐந்தாம் பக்கத்தில் ஐயம் எழுந்து மூன்றாம் பக்கத்தைப் புரட்டினால், ஐந்தாம் பக்கத்தில் எழுதியது அழிந்துவிடுவதில்லை. படிவம் இருமுறை அனுப்பப்படுவதுமில்லை.

இன்று அவ்வாய்வின் விவரங்கள் கைக்கணினியில் பதியப்படுகின்றன. பள்ளிகளின் விவரங்களை ஆசிரியர்கள் இணையப் படிவங்களில் நிரப்புகின்றனர். தாளைப் பின்னோக்கிப் புரட்டுவதற்கு ஈடானது உலாவியின் பின்செல்லும் பொத்தான். ஆனால் அதை அழுத்தியவுடன் ஒரு மணி நேர உழைப்பு மறைந்துபோவதும், செலுத்திய கட்டணம் மீண்டும் செலுத்தப்படுவதும் நேரக்கூடும். இதற்குப் பரிகாரமாகப் பல தளங்கள் ‘பின்செல்லும் பொத்தானை அழுத்தாதீர்’ என்னும் எச்சரிக்கையை வெளியிடுகின்றன. இது பரிகாரமன்று; செயலியை அமைத்தவர் தம் கடமையைப் பயனாளரின் தலையில் ஏற்றுவதேயாகும்.

குறை எங்குள்ளது? ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் முன்மொழிந்த வலை, ஆவணங்களைப் படிப்பதற்காக எழுந்தது. உலாவி, பார்த்த பக்கங்களின் முகவரிகளை வரிசையாக நினைவிற் கொள்கிறது. பொத்தான் அவ்வரிசையில் ஒருபடி பின்செல்கிறது. ஆனால் படிவத்தின் பத்துப் பகுதிகளையும் ஒரே முகவரியில் காட்டும் செயலியில், அவை பத்து என்பதை உலாவி அறியாது. ஆதலின் பயனாளர் முந்திய பகுதிக்குச் செல்லாமல், செயலியைவிட்டே வெளியேறிவிடுகிறார்.

இதை நீக்கும் வழிகள் புதியனவல்ல. ஒவ்வொரு பகுதிக்கும் தனி முகவரி தரலாம். பக்கத்தை மாற்றாமலே முகவரியை வரிசையிற் சேர்க்கும் வசதி 2014இல் நிறைவுற்ற எச்.டி.எம்.எல். 5 தரத்திலேயே உள்ளது. எழுதியதை அவ்வப்போது வரைவாகச் சேமித்தல் வேண்டும். வலையின் நெறிமுறை, பார்ப்பதற்குரிய கோரிக்கையையும் பதிவதற்குரிய கோரிக்கையையும் வேறுபடுத்துகிறது. பதிவு முடிந்ததும் வழங்கி 303 என்னும் குறியீட்டுடன் உலாவியை ரசீதுப் பக்கத்திற்குத் திருப்பிவிட்டால், பின்சென்று மீண்டும் முன்வந்தாலும் ரசீதே தோன்றும்; பதிவு மீளாது. ஒவ்வொரு விண்ணப்பத்திற்கும் தனி எண் அளித்தால், அதே விண்ணப்பம் இரண்டாம் முறை வந்தாலும் வழங்கி அதனை அடையாளங்கண்டு விலக்கும்.

பாதுகாப்பின் பொருட்டுப் பொத்தானைத் தடுத்தல் வேண்டுமென்பாரும் உளர். பலர் பயன்படுத்தும் பள்ளிக் கணினியில் ஓர் ஆசிரியர் வெளியேறிய பின், மற்றொருவர் பொத்தானை அழுத்தி மாணவர் மதிப்பெண்களைக் காணலாகாது என்பது நியாயமே. ஆயின் அத்தகைய பக்கங்களைச் சேமித்து வைக்கலாகாது என்று வழங்கி உலாவிக்கு ஆணையிடலாம்; பின்சென்றால் நுழைவுப் பக்கத்தைக் காட்டலாம். அதற்காகப் பணியின் நடுவே உள்ளவரையும் தடுப்பது பொருந்தாது.

திரும்பிப் பார்த்துத் திருத்துவது கவனமுள்ள பணியாளரின் பண்பு. திரும்பினால் எல்லாம் போய்விடும் என்று அஞ்சுபவர், தவறென்று அறிந்த விடையையும் அப்படியே விட்டுச் செல்வார். இழப்பு அவருடையது மட்டுமன்று. தொகுக்கப்படும் கணக்கே பிழைபடும். ஆகவே புதிய செயலி எதுவும் களத்திற்கு வருமுன், பயிற்சி வகுப்பிலேயே ஓர் எளிய சோதனை செய்தல் நன்று. படிவத்தைப் பாதி நிரப்பிப் பின்சென்று, மீண்டும் முன்வந்து பார்க்க வேண்டும். எழுதியது எழுதியவாறே இருப்பின் செயலி ஏற்புடையது. இல்லையேல் குறையை எழுத்து மூலம் தெரிவித்துத் திருத்தச் செய்வது களப்பணியாளர், ஆசிரியர் ஆகியோரின் உரிமையாகும்.