நலம் அறிவோம்: தழும்பில் முடி நடலாமா?



2009இல் பட்ட ஷெல் காயம் ஆறிய இடத்தில், காதுக்கு மேலே உள்ளங்கை அளவுக்கு முடி இல்லை என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பதினைந்து வருடத்துக்கு மேலாகச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டுதான் கோயிலுக்கும் கடைக்கும் போகிறாராம். வெளிநாட்டில் இருக்கும் தம்பி, முடி நடும் சத்திரசிகிச்சைக்குக் காசு அனுப்பத் தயாராக இருக்கிறார். போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்து விசாரித்தபோது, இந்தக் கிழமைக்குள் முற்பணம் கட்டினால் விலை குறையும் என்றார்களாம். காயத்தைப் பார்க்காமல், ஏன் முடி இல்லை என்றுகூடக் கேட்காமல் விலை சொல்லியிருக்கிறார்கள். கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் அதுதான்.

"இந்த வயதில் இந்த ஆசை தேவையா என்று ஊரில் சிரிப்பார்கள்" என்றும் அவர் எழுதியிருக்கிறார். சிரிப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளட்டும். முடி நடும் முறை சினிமா நடிகர்களின் வழுக்கைக்காகத் தொடங்கியதல்ல. ஜப்பானில் ஒகுடா என்ற தோல் வைத்தியர், காயத்தாலும் தீயாலும் முடி இழந்த இடங்களில், முடியுள்ள தோலைச் சிறு வட்டங்களாக எடுத்து நட்டு, அதைப் பற்றி 1939இல் எழுதினார். பிறகு உலக யுத்தம் வந்தது. அவர் எழுதியது ஜப்பானுக்கு வெளியே பல வருடங்கள் தெரியாமலே கிடந்தது. தழும்பு உள்ளவர்களுக்காகப் பிறந்த வைத்தியத்தைத் தழும்பு உள்ள ஒரு பெண் கேட்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஆனால் கேட்க வேண்டிய இடமும் ஒழுங்கும் உண்டு. முதலில் முடி ஏன் போனது என்று தெரியவேண்டும்.

பிள்ளை பெற்று இரண்டு மூன்று மாதத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். டெங்குக் காய்ச்சல், பெரிய சத்திரசிகிச்சை, பட்டினி, தாங்க முடியாத துயரம் இவற்றுக்குப் பிறகும் அப்படித்தான். இவை பெரும்பாலும் ஆறு முதல் ஒன்பது மாதத்தில் தானாகவே திரும்பி வளரும். இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைந்தாலும், தைரொயிட் கோளாறு இருந்தாலும் முடி கொட்டும்; அதற்கு இரத்தப் பரிசோதனையும் மருந்தும் போதும். வட்டமாகத் திடீரென்று விழும் புழுவெட்டுக்கு முடி நடுவது மருந்தல்ல. கொண்டையை வருடக்கணக்காக இறுக்கிக் கட்டுவதால் நெற்றியோரம் முடி பின்வாங்கும். தொடக்கத்திலேயே தளர்த்திவிட்டால் திரும்ப வளரும். எங்கள் தீவின் உப்புக் கிணற்றுத் தண்ணீரைப் பலர் குறை சொல்கிறார்கள். அது முடியைச் சொரசொரப்பாக்கி முறிக்கும், வேரோடு கழற்றாது.

வகிடு வருடா வருடம் அகலமாகிக்கொண்டு போகும் பெண்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆண்களுக்கு உச்சி வழுக்கையானாலும் பின்தலை முடி பெரும்பாலும் உறுதியாக இருக்கும். அங்கிருந்து எடுத்து முன்னே நடலாம். பெண்கள் பலருக்குப் பின்தலையும் சேர்ந்தே மெலியும். மெலிந்துபோகும் முடியை எடுத்து நட்டால் நட்ட இடத்திலும் அது மெலியத்தான் செய்யும். இப்படிப்பட்டவரிடம் "நீங்கள் இதற்குப் பொருத்தமில்லை" என்று சொல்கிற வைத்தியரே நல்லவர். எல்லோருக்கும் சரி என்று சொல்லும் இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

கடிதம் எழுதிய சகோதரியின் நிலை வேறு. அவருக்கு ஒரு இடத்தில் தழும்பு; மற்ற இடத்தில் நல்ல முடி. இப்படிப்பட்டவர்களுக்குச் சத்திரசிகிச்சை பலன் தரும் வாய்ப்பு உண்டு. அதற்கு முன் பார்க்க வேண்டியது தோலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை. ஷெல் துண்டு இன்னும் உள்ளே இருக்கலாம். மண்டையோட்டில் எலும்பு இல்லாத இடம் இருக்கலாம். அங்கே ஊசி ஏற்றுவதும் துளையிடுவதும் விளையாட்டல்ல. எக்ஸ்ரேயோ சிரி ஸ்கானோ எடுத்துப் பார்க்கவேண்டும். எலும்பு இல்லையென்றால் நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணரின் சொல் முதலில் வேண்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு அனுப்பினால், உள்ளே உலோகம் இருக்கக்கூடும் என்பதை மெஷினுக்குள் போக முன்னரே சொல்லிவிடுங்கள்.

காயம் எப்படிப் பட்டது என்று சொல்ல எங்களில் பலருக்கு இன்னும் தயக்கம். எந்த ஊரில், யாரோடு நின்றபோது பட்டது என்பது வைத்தியருக்குத் தேவையில்லை. "ஷெல் காயம், உள்ளே துண்டு இருக்கலாம், இத்தனை தையல் போட்டார்கள், இடையிடையே வலிப்பு வருவதுண்டு" என்பது போதும். அதை மட்டும் மறைக்கவேண்டாம்.

தழும்பு ஆறி முதிர ஒரு வருடமாவது வேண்டும். எங்கள் சகோதரிக்கு அந்தக் காலம் எப்போதோ கடந்துவிட்டது. இருந்தாலும் தழும்புத் தோலில் இரத்த ஓட்டம் குறைவு; நட்டதெல்லாம் பிடிக்காது. ஆகவே அனுபவமுள்ள வைத்தியர் முதலில் கொஞ்சம் மட்டும் நட்டு, சில மாதம் பொறுத்து, முளைக்கிறதா என்று பார்ப்பார். பிறகுதான் மிச்சம்.

விளம்பரத்தில் 'கிராப்ட்' என்று ஒரு சொல் வரும். அது 1 முதல் 4 முடிகள் வரை சேர்ந்து நிற்கும் ஒரு சிறு வேர்க்கட்டு. ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 30 முதல் 40 வரை நடுவது வழக்கம். தழும்பின் நீளத்தையும் அகலத்தையும் அடிமட்டத்தால் அளந்து பெருக்குங்கள். 8 சென்ரிமீற்றர் நீளம், 7 அகலம் என்றால் 56 சதுர சென்ரிமீற்றர். ஏறக்குறைய 1,700 முதல் 2,200 கிராப்ட். யாராவது 5,000 என்று விலை பேசினால் ஏன் என்று கேட்க இந்தக் கணக்குப் போதும். பின்தலையில் இருந்து எடுத்த வேர் அங்கே திரும்ப முளைக்காது. அது சேமிப்புப் புத்தகத்தில் உள்ள காசு மாதிரி, எடுத்தால் குறையும்.

முடி நடுவது ஒன்றுதான் வழி என்பதுமில்லை. சிறிய தழும்பை வெட்டி நீக்கி, இரு பக்கத் தோலையும் இழுத்துத் தைத்துவிடலாம். பெரியதற்கு, முடியுள்ள தோலின் கீழே ஒரு சிலிக்கன் பையை வைத்து, கிழமைக்குக் கிழமை அதற்குள் உப்புநீர் ஏற்றி, இரண்டு மூன்று மாதத்தில் தோலை விரியச் செய்வார்கள். விரிந்த தோலால் தழும்பு இருந்த இடத்தை மூடுவார்கள். அந்த மாதங்களில் தலை ஒரு பக்கம் வீங்கினாற்போல் இருக்கும். அடிக்கடி கிளினிக்குப் போகவும் வேண்டும். மன்னாரில் இருந்து போய்வருவது கஷ்டம்தான். ஆனாலும் உள்ளங்கை அளவுத் தழும்புக்கு இது முடி நடுவதைவிட நல்ல பலன் தரலாம். முடி நடும் நிலையத்தில் இதைப் பற்றி ஒருவரும் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் இதைச் செய்வதில்லை.

ஆகவே சகோதரிக்கு என் பதில்: தம்பியின் காசை இப்போது தொடவேண்டாம். மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையில் காட்டி, பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் அந்தப் பிரிவு உண்டு. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் விசாரிக்கலாம். காயத் தழும்புக்கு அரச வைத்தியசாலையில் பார்ப்பதற்குக் கட்டணமில்லை. காத்திருக்க நேரும். பழைய மருந்துத் துண்டுகள், எக்ஸ்ரே, கிளினிக் கொப்பி ஏதாவது மிஞ்சியிருந்தால் கொண்டுபோங்கள். இடப்பெயர்வில் எல்லாம் போய்விட்டது என்றால் நினைவில் உள்ளதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

அதன் பிறகும் முடி நடுவதே சரி என்று வந்தால், தனியார் இடத்தைத் தேடும்போது வைத்தியரின் பெயரையும் இலங்கை மருத்துவ சபைப் பதிவு இலக்கத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சபையின் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பிள்ளைகளைக் கொண்டு இணையத்தில் பார்க்கலாம். தனியார் மருத்துவ நிலையங்கள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட்டிருக்கவேண்டும். அந்தப் பதிவுப் பத்திரத்தையும் காட்டச் சொல்லலாம். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

ஏன் இவ்வளவு விசாரணை என்று நினைப்பவர்களுக்குச் சென்னையில் நடந்ததைச் சொல்கிறேன். 2016 மே மாதத்தில் 22 வயது இளைஞர் ஒருவர் அங்கே முடி நடும் நிலையமொன்றில் சிகிச்சை செய்தபின் உடல்நிலை மோசமாகி, சில நாட்களில் வேலூரில் உயிரிழந்தார். அவர் சென்னை மருத்துவக் கல்லூரியின் இறுதி வருட மாணவர். வைத்தியராக வரவிருந்த பிள்ளை. விசாரித்தபோது அந்த இடத்துக்கு முடி வெட்டும் சலூன் நடத்துவதற்கான அனுமதியே இருந்தது தெரியவந்தது. 2022 செப்ரெம்பரில் இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம், முறையான சத்திரசிகிச்சைப் பயிற்சி பெற்ற வைத்தியரே முடி நடவேண்டும், பயிற்சிப் பட்டறையிலோ யூரியூப்பிலோ பார்த்துப் பழகுவது பயிற்சியாகாது என்று வழிகாட்டல் வெளியிட்டது. அப்படியும் எழுதவேண்டி வந்திருக்கிறது பாருங்கள். பலாலியில் இருந்து சென்னைக்கு விமானம் 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கிய பிறகு, அங்கே போய்ச் செய்வோமா என்று கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். போகலாம், நல்ல வைத்தியர்கள் அங்கே நிறைய இருக்கிறார்கள். ஆனால் தையல் பழுத்தால், காய்ச்சல் வந்தால், இங்கே யார் பார்ப்பார் என்பதை விமானச் சீட்டு எடுக்க முன்னர் தீர்மானியுங்கள்.

வைத்தியரின் முன் உட்காரும்போது, வேரை எடுப்பதும் துளையிடுவதும் நீங்களா உதவியாளரா என்று நேராகக் கேளுங்கள். பெரிய அளவில் நட்டால் ஆறு முதல் எட்டு மணித்தியாலம் எடுக்கும். அவ்வளவு நேரமும் விறைப்பு ஊசியின் அளவைக் கவனிப்பவர் யார்? ஒவ்வாமை வந்தால் ஒட்சிசனும் அவசர மருந்தும் அறைக்குள் இருக்கின்றனவா? தழும்பில் நட்ட வேறு பெண்களின், ஒரு வருடத்துக்குப் பிந்திய படங்களைக் காட்டுவாரா? வேர் எடுக்கும் முறையையும் கேளுங்கள். ஒன்றில் பின்தலையை மழித்துத் தனித்தனியாகத் தோண்டி எடுப்பார்கள். மற்றதில் ஒரு பட்டையாகத் தோலை வெட்டி எடுத்துத் தைப்பார்கள். கோடாக ஒரு தழும்பு விழும், ஆனால் நீண்ட முடி அதை மறைக்கும், தலையை மழிக்கத் தேவையில்லை. எங்கள் பெண்கள் பலருக்கு இரண்டாவது வசதி. கூட ஒரு பெண் துணை இருக்கலாமா என்று கேளுங்கள். உங்கள் படத்தை விளம்பரத்துக்குப் போடக்கூடாது என்பதை எழுத்தில் வாங்குங்கள். எங்கள் காயம் யாருக்கும் கடைப் பலகை அல்ல.

பிரஷர், சீனி வருத்தம், அஸ்பிரின் போன்ற இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மருந்து எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவற்றை நீங்களாக நிறுத்தவேண்டாம். கர்ப்பமாக இருப்பவர்களும் பால் கொடுப்பவர்களும் இதைத் தள்ளிவைக்கட்டும். பினாஸ்ரரைட் என்ற மாத்திரையைப் பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் எடுக்கக்கூடாது; வயிற்றில் உள்ள ஆண் குழந்தையைப் பாதிக்கும்.

நாள் குறிக்கும்போது வீட்டு வேலையையும் கணக்கில் எடுங்கள். முதல் பத்து நாள் குனிந்து பாரம் தூக்கக்கூடாது. மீன் கூடையோ தண்ணீர்க் குடமோ ஒரு மாதமாவது தலையில் ஏறக்கூடாது. கருவாடு காயப்போடும் வெயிலில் நிற்பவர்கள், மூன்று மாதத்துக்குத் தளர்வான பருத்தித் துணியால் தலையை மூடவேண்டும். அந்த வேலையை யார் பொறுப்பெடுப்பார், அந்த நாட்களின் வருமானத்துக்கு என்ன வழி என்பதையும் சத்திரசிகிச்சைச் செலவோடு சேர்த்து எழுதுங்கள். இரண்டாவது தடவை நடவேண்டி வந்தால் அதற்கும் ஒரு பங்கு ஒதுக்கி வையுங்கள்.

நட்ட முடி இரண்டு முதல் ஆறு கிழமைக்குள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். அதைக் கண்டு, காசு போய்விட்டது என்று அழவேண்டாம். வேர் உள்ளே இருக்கும். மூன்றாம் நான்காம் மாதத்தில் மெல்லிய பூமுடியாக முளைக்கத் தொடங்கி, முழுப் பலன் தெரிய ஒரு வருடமாகும். தழும்பில் இன்னும் கொஞ்சம் பிந்தலாம்.