டெசர்ட் சஃபாரி: யாருடைய பாலைவனம்?

போன டிசம்பர் லீவில் நாங்கள் மூன்று பேர் டுபாய்க்குப் போய் வந்தோம். இதைச் சொன்னவுடனே கம்பஸில் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "டெசர்ட் சஃபாரி போனீங்களா?" புர்ஜ் கலிஃபாகூட இரண்டாவதாகத்தான் வருகிறது. ஓம், போனோம். ஸ்டோரியும் போட்டோம். நீங்களும் பார்த்து ஹார்ட் போட்டிருப்பீர்கள். ஆனால் ஸ்டோரியில் போடாத ஒரு பகுதி இருக்கிறது. அதைப் பற்றி எழுதத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் வசதியான வீட்டுப் பிள்ளைகள் இல்லை. எங்களில் ஒருத்தியின் அக்கா ஷார்ஜாவில் கணக்காளராக வேலை செய்கிறா. தங்க இடமும் சாப்பாடும் அவவின் உபயம். டிக்கெட் காசு, தெஹிவளையிலும் வெள்ளவத்தையிலும் ஓ.எல். பிள்ளைகளுக்கு இரண்டு வருஷம் டியூஷன் குடுத்துச் சேர்த்தது. அதனால் ஆளுக்கு நூற்றைம்பது திர்ஹம், அதாவது எங்கட காசில் பன்னிரண்டாயிரம் ரூபா அளவு, குடுத்து சஃபாரி பதிவு செய்தபோது ஒவ்வொரு திர்ஹமுக்கும் வேலை வாங்கிவிட வேண்டும் என்ற வெறியோடுதான் போனோம்.

சும்மா சொல்லக்கூடாது, வாங்கினோம். மூன்று மணிக்கு லேண்ட் குரூசர் வந்து ஏற்றியது. மணல் தொடங்கும் இடத்தில் டிரைவர் இறங்கி நாலு டயரிலும் காற்றைப் பாதிக்கு மேல் இறக்கினார். காற்று குறைந்தால் டயர் சப்பையாகி அகலும், பாரம் பரவும், மணலில் புதையாது. பிறகு ஒரு அரை மணித்தியாலம் மணல்மேட்டில் ஏறுவதும் பக்கவாட்டில் சறுக்குவதும்தான். நாங்கள் கத்திய கத்தில் தொண்டை கட்டிவிட்டது. பின்னேர வெயிலில் அந்த மணல் செங்கல் நிறத்தில் இருந்தது. இரும்புத் துருதான் அந்தச் சிவப்புக்குக் காரணமாம். பிறகு குவாட் பைக், பலகையில் மணற்சறுக்கு, மூன்று நிமிஷ ஒட்டகச் சவாரி, கையில் பருந்தை வைத்து ஒரு போட்டோ. இருட்டினதும் கம்பளம் விரித்த முகாமில் மருதாணி, கஹ்வா, பேரீச்சம்பழம், பார்பிக்யூ, நடனம். எல்லாமே சந்தோஷமாக இருந்தது. அதை மறுத்து எழுதினால் அது பொய்.

கதை பார்பிக்யூ வரிசையில்தான் திரும்பியது.

நாங்கள் தட்டைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பெரிய துண்டு எனக்கு", "உனக்கு வெக்கமே இல்லையாடி" என்று கதைத்துக்கொண்டிருந்தோம். இறைச்சி போட்டுக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே அந்தப் பெரிய துண்டை அவளின் தட்டில் வைத்தார். "சாப்பிடுங்க தங்கச்சி. கொழும்பா?" என்றார்.

"ஓம் அண்ணா, தெஹிவளை. நீங்க?"

"நான் பொகவந்தலாவ. வந்து மூணு வருஷம் ஆகுது." பின்னால் வரிசை நீண்டிருந்தது. அடுத்த தட்டுக்கு இறைச்சி வைத்துக்கொண்டே கேட்டார்: "ஊருல இப்ப மழையா?"

மழைதான் என்றோம். சிரித்தார். அவ்வளவுதான். அவருக்குக் கதைக்க நேரமில்லை, எங்களுக்குப் பின்னால் இருந்தவர்களுக்குப் பசி. அவரின் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை.

இந்தச் சின்னக் கதையை வைத்து யாரையும் குற்றம்சாட்ட வரவில்லை. அந்த அண்ணாவை யாரும் அடைத்து வைத்திருந்ததாகத் தெரியவில்லை. அவர் எங்களிடம் எந்த முறைப்பாடும் சொல்லவில்லை. ஆனால் முகாமுக்குத் திரும்பி உட்கார்ந்தபோது எங்களுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. "பெதுயின் இரவு" என்று சொல்லித்தான் அந்தப் பக்கேஜை விற்றார்கள். நாங்கள் விசாரித்த அளவில் அங்கே ஒரு பெதுயினும் இல்லை. டிரைவர் பாகிஸ்தான்காரர். மருதாணி போட்ட அக்கா ஹைதராபாத். பாவாடை விரிய விரியச் சுழன்று ஆடுகிற தனூரா நடனம் எகிப்தில் இருந்து வந்தது. பெல்லி டான்ஸுக்கும் எகிப்துதான் பேர்போன இடம். சாப்பாடு போட்டவர் மலையகம். அந்த நாட்டில் வாழ்கிறவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் வெளிநாட்டவர்கள் என்பதால் இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பாலைவனத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மனிதர்களின் வாழ்க்கையை அவர்கள் இல்லாமலே, கூலிக்கு வந்த வேறு மனிதர்களை வைத்து, மாலை மூன்று முதல் இரவு ஒன்பதரை வரை நடிக்கிறார்கள் என்பதுதான் உறுத்தியது.

"டூரிசம் எண்டால் அப்பிடித்தான், இதில என்ன?" என்று கேட்கலாம். எங்களில் ஒருத்தியும் அதைத்தான் கேட்டாள். அவளுக்கான பதில் எங்கட வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

தெஹிவளை என்றால் எல்லாருக்கும் ஞாபகம் வருவது மிருகக்காட்சிசாலை. அதன் ஆரம்பக் கதை பலருக்குத் தெரியாது. 1920களின் பிற்பகுதியில் அந்த இடத்தில் மிருகங்களைச் சேர்த்து வைத்தவர் ஜோன் ஹாகன்பெக் என்ற ஜேர்மன் வியாபாரி. அரசாங்கம் அதைப் பொறுப்பெடுத்தது 1936இல். இந்த ஜோனின் வேறு தாய்க்குப் பிறந்த அண்ணன்தான் ஹம்பர்க்கின் கார்ல் ஹாகன்பெக். 1880களில் இலங்கையில் இருந்து யானைகளை மட்டும் இல்லை, நடனக்காரர்களையும் பாகர்களையும் குடும்பங்களையும் கப்பலில் ஏற்றிக்கொண்டுபோய் ஐரோப்பிய நகரங்களில் "இலங்கைக் கிராமம்" என்று காட்டிக் காசு பார்த்தார்கள். சனம் டிக்கெட் வாங்கி வந்து பார்த்தது. அப்படிக் காட்டப்பட்டவர்களில் சிங்களவரும் இருந்தார்கள், தமிழரும் இருந்தார்கள்.

டுபாய் முகாமும் அந்தக் கண்காட்சியும் ஒன்று என்று நாங்கள் சொல்லவில்லை. அங்கே வேலை செய்கிறவர் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்; வேலியின் அந்தப்பக்கம் நிற்கிற காட்சிப்பொருள் அல்ல. ஆனால் ஒரு சமூகத்தின் வாழ்க்கையை நடனம், மிருகம், சாப்பாடு என்று சுருக்கி டிக்கெட்டுக்கு விற்கிற புத்தி இரண்டிலும் இருக்கிறது. ஒருகாலத்தில் எங்கட ஆட்கள் மேடையில் நின்றார்கள். இப்போது எங்களில் சிலர் பார்வையாளர் கதிரையில், சிலர் அடுப்படியில். இது தெரிந்த பிறகு "இதில என்ன" என்று எங்களால் லேசாகச் சொல்ல முடியவில்லை.

இனி, தமிழ் படிக்கிற எங்களுக்கு வந்த அடுத்த யோசனை. பாலை என்றால் எங்களுக்கு என்ன? தொல்காப்பியம் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தலுக்கு நிலம் கொடுத்தது. பாலைக்குத் தனியாக நிலம் கொடுக்கவில்லை. குறிஞ்சியும் முல்லையும் மழையின்றிக் காய்ந்து தன் இயல்பு கெட்டால் அது பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். அந்தத் திணையின் உரிப்பொருள் பிரிவு. பெரும்பாலும் என்ன பிரிவு? பொருள் தேடிப் போகிற பிரிவு. அகநானூற்றின் நானூறு பாட்டில் ஒற்றைப்படை எண் வருகிற இருநூறும் பாலைதான், சரியாகப் பாதி. உழைக்கப் போனவனையும் வீட்டில் காத்திருக்கிறவளையும் பற்றி எங்கட ஆட்கள் அவ்வளவு பாடியிருக்கிறார்கள்.

முதலாம் வருஷத்தில் இதைப் பரீட்சைக்குப் பாடமாக்கினோம். அது எங்கட காலத்துக் கதை என்று அந்த வரிசையில் நின்றபோதுதான் விளங்கியது. பொருளாதாரம் விழுந்த 2022இல் மட்டும் 3 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். 2024இல் வெளிநாட்டில் உழைக்கிறவர்கள் அனுப்பிய காசு 650 கோடி டொலருக்கு மேல். அதே வருஷம் சுற்றுலாவால் நாட்டுக்கு வந்தது 300 கோடி டொலருக்குச் சற்று மேல். இரண்டில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் எந்தத் துறைக்கு விளம்பரம், எந்தத் துறைக்கு மாலை மரியாதை என்று கட்டுநாயக்காவில் நின்று பார்த்தால் தெரியும். வெள்ளைக்காரருக்குச் சிரிப்போடு வரவேற்பு. வேலைக்குப் போகிற அக்காமார் பாயில் சுருட்டிய பையோடு தரையில் குந்தியிருப்பார்கள்.

திணைக்குப் பொழுதும் உண்டு. பாலைக்கு நண்பகல். சஃபாரி பின்னேரம் தொடங்குவதே நண்பகலைத் தாங்க முடியாது என்பதால்தான். ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை மதியம் பன்னிரண்டரையில் இருந்து மூன்று மணி வரை திறந்த வெளியில் வேலை வாங்கக்கூடாது என்று அந்த நாட்டில் சட்டமே இருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் அப்படி ஒரு சட்டம் தேவைப்படுகிறது என்பதிலேயே அந்த வெயிலில் யார் நிற்கிறார்கள் என்பது தெரிகிறது. சுற்றுலாக்காரருக்குப் பாலைவனம் என்றால் பின்னேரம். தொழிலாளிக்குத்தான் நண்பகல். பென்யாமின் 2008இல் மலையாளத்தில் எழுதிய 'ஆடுஜீவிதம்' நாவலும் 2024இல் வந்த அதன் படமும் காட்டியது அந்த நண்பகலைத்தான். எங்களில் இரண்டு பேர் அந்தப் படத்தைப் பார்த்து அழுதிருக்கிறோம். அதே நாங்கள், எட்டு மாதம் கழித்து, மணலில் "வாவ்" என்று கத்தினோம். இரண்டும் உண்மைதான்.

சரி, அப்படியென்றால் போகவே கூடாதா? அப்படிச் சொல்ல எங்களுக்கு யோக்கியதை இல்லை, போய் வந்தவர்கள் நாங்கள். போங்கள். ஆனால் தட்டை நீட்டும்போது கரண்டி பிடித்திருக்கிறவரின் முகத்தைப் பாருங்கள். பெயரைக் கேளுங்கள். டிப்ஸ் குடுப்பதென்றால் அவரின் கையிலேயே குடுங்கள். திரும்பி வந்து, "பெதுயின் கலாசாரத்தை அனுபவித்தோம்" என்று கெப்ஷன் போடாதீர்கள். நாங்கள் போட்டோம், பிறகு அழித்தோம்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. எங்கட ஸ்டோரியைப் பார்த்துவிட்டு யாழ்ப்பாண நண்பன் ஒருவன் அனுப்பிய மெசேஜ்: "எங்கட மணற்காட்டில இப்பிடி ஒண்டு தொடங்கினால் காசு கொட்டும் என்ன?" பகிடியாகத்தான் கேட்டான். ஆனால் மணற்காட்டு வீடியோ எதற்கும் கீழே கொமென்ட்டைப் பாருங்கள், "எங்கட டுபாய்" என்று ஒருவராவது எழுதியிருப்பார். பகிடி எப்போது திட்டமாகும் என்று இந்த நாட்டில் சொல்ல முடியாது.

மணற்காடு வடமராட்சி கிழக்குக் கரையில் இருக்கிறது. அது பாலைவனம் இல்லை, நெய்தல். கடலும் காற்றும் சேர்ந்து குவித்த மணல்மேடு. மணலில் பாதி புதைந்த பழைய தேவாலயத்தின் இடிபாடு அங்கே இருக்கிறது. பக்கத்தில் வல்லிபுர ஆழ்வார் கோயில். தீர்த்தத்துக்குச் சனம் மணலில் நடந்துதான் கடலுக்குப் போகும். மீன்பிடிச் சனத்தின் ஊர் அது. 2004 சுனாமியில் அடிபட்ட கரை அது. களவாக மணல் அள்ளுகிறார்கள் என்று அந்தச் சனம் கத்திக் கத்திக் களைத்துவிட்டது.

இந்த மேடுகளைப் பிடித்து வைத்திருப்பது அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும்தான். "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று எங்கட அம்மம்மாமார் சொல்வார்கள். அந்த மிடுக்கு குவாட் பைக்கின் டயருக்குத் தாங்காது. கொடி அறுந்தால் மணல் பறக்கும், மேடு தாழும். மேடு தாழ்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இலங்கையிலேயே உதாரணம் உண்டு. யால கரையில் ஒரு ஹோட்டல், கடல் வடிவாகத் தெரிய வேண்டும் என்று முன்னால் இருந்த மணல்மேட்டை வெட்டிக் குறைத்திருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று அந்த ஹோட்டல் முழுதாக அழிந்தது. மேடு குலையாமல் இருந்த பக்கத்து இடங்கள் அந்த அளவுக்குப் பாதிக்கப்படவில்லை. சுனாமிக்குப் பிறகு வந்த ஆய்வாளர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

டுபாய்கூட இதை விளங்கிக்கொண்டுவிட்டது. 225 சதுர கிலோமீற்றர் பாலை நிலத்தை வேலி போட்டுக் காப்பகமாக வைத்திருக்கிறார்கள். ஒருகாலத்தில் காட்டில் அடியோடு அழிந்துபோன அரேபிய ஓரிக்ஸ் மான் இப்போது அதற்குள் திரிகிறது. அங்கே வண்டிகள் நினைத்த பக்கம் ஏற முடியாது. அவ்வளவு மணல் உள்ளவர்களே எண்ணி எண்ணிச் செலவழிக்கிறார்கள். எங்களிடம் இருப்பதோ சில கிலோமீற்றர்.

மணற்காட்டுக்குச் சுற்றுலா வரவே கூடாது என்று கொழும்பில் இருந்துகொண்டு தீர்ப்புச் சொல்ல நாங்கள் யார்? அந்த ஊர்ப் பெடியங்களுக்கும் வேலை வேணும். வேலை இல்லாவிட்டால் அவர்களும் ஒரு நாள் எங்கேயோ ஒரு முகாமில் கரண்டி பிடிக்கத்தான் போவார்கள். எங்கட நிலைப்பாடு இதுதான்: வருகிற எதுவும் அந்த ஊர்ச் சனத்தின் கையில் இருக்க வேண்டும், மணலில் இயந்திரம் ஏறக்கூடாது. நடந்து பார்க்கலாம். மீன் வாடியில் சாப்பிடலாம். அந்தத் தேவாலயத்தின் கதையை அந்த ஊர் ஐயா ஒருவர் சொல்லக் கேட்கலாம், அதற்குக் காசும் குடுக்கலாம். கம்பளமும் கூடாரமும் வாடகை ஒட்டகமும் தேவையில்லை.

ஏப்ரல் லீவுக்கு நாங்கள் மணற்காடு போகிறோம். கோட்டையில் ரயில் ஏறி, யாழ்ப்பாணத்தில் பஸ் மாறி. வருகிறவர்கள் சொல்லுங்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கத் தயாராக வாருங்கள். இந்த முறை சாப்பாடு போடுகிறவரின் பெயரைக் கேட்காமல் நாங்கள் திரும்பி வரப் போவதில்லை.